ஒரே வருசத்துல ரெண்டாவது தடவை போன வீல் பேரிங்: பேச்சிப்பாறை ஜீப்பு ஒண்ணுல என்ன நடந்துச்சு

வீல் பேரிங் போச்சுன்னா புதுசு வாங்கி தட்டி ஏத்திட்டு வண்டியை வெளில விட்டுடுறது நம்ம பக்கத்து பட்டறைகள்ல சாதாரணமா நடக்குற வேலை, பல வண்டிக்கு அதுவே போதும் தான். ஆனா மலையேறுற, ஆத்துல எறங்குற பழைய ஜீப்புக்கு அது போதாது. பேரிங் ஏன் போச்சுன்னு பாக்காம பேரிங்கை மட்டும் மாத்துனா அடுத்த மழைக்கு திரும்ப அதே வீலு அதே சத்தத்தோட வந்து நிக்கும். இந்த வண்டில அப்படியே நடந்துச்சு, அதனால தான் ஒண்ணு விடாம எழுதுறேன், பழைய நாலு வீல் டிரைவ் வச்சிருக்குற யாருக்காவது உதவும்.

வண்டி பழைய மஹிந்திரா ஜீப்பு, வில்லிஸ் கம்பெனி 1953ல கொண்டு வந்த சி.ஜே.3பி இருக்குல்லா, பானெட்டு ஒசரமா நிக்கும், அந்த வகை. பெட்ரோல் இஞ்சினை எப்பமோ எறக்கிட்டு டீசல் ஏத்தியாச்சு, மத்தபடி முன்னாடி ஆக்சில், ஹப்பு (வீலு மாட்டுற நடு குடம், பேரிங் இதுக்குள்ள தான்), டிரம் பிரேக் எல்லாம் பழைய படியே. முன்னாடி ஷாஃப்டை வீல்ல இருந்து பிரிச்சு விடுற ஃப்ரீ வீல் ஹப்பு கிடையாது, ஷாஃப்டை ஹப்போட சேக்குற ஃபிளேஞ்சு நேரா போல்ட் போட்டது, அதனால டூ வீல்ல ஓடுனாலும் முன் ஆக்சில் ஷாஃப்டு சுத்திட்டே இருக்கும். வண்டிக்காரருக்கு பேச்சிப்பாறைக்கு மேல ரப்பர் தோட்டம். காலைல ரப்பர் பால் கேன், மதியம் ஒட்டுப்பால் (ஒறஞ்ச ரப்பர் பால்) சாக்கு, சீசனுக்கு அன்னாசி, நடுநடுவுல மரச்சீனி கெழங்கு, இதெல்லாம் ஏத்திட்டு குலசேகரம் வரைக்கும் வந்துட்டு போற வண்டி. தோட்டத்துக்கு போற வழில ரெண்டு எடத்துல ஓடை குறுக்க வரும், பாலம் கிடையாது, கல்லு மேல தண்ணிக்குள்ள எறங்கி ஏறணும். வெயில் காலத்துல டயர் நனையுற அளவு தான் தண்ணி, எடவப்பாதில, அதாவது தென்மேற்கு பருவமழைல, ஹப்பு முழுசா முங்கும். நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுக்கு எடவப்பாதியும் உண்டு, துலா மழையும் (வடகிழக்கு பருவமழை) உண்டு, அதனால வருசத்துல பாதி நாள் இந்த வண்டி தண்ணிக்குள்ள எறங்குற வண்டின்னு வச்சுக்கோங்க.

வண்டிக்காரரை மாமான்னு தான் கூப்பிடுவேன், சொந்தம் ஒண்ணும் இல்ல, வயசுக்கு. வந்து எறங்குனதும் சொன்னாரு, "மக்களே, எனக்க வண்டிக்க எடது வீலு திரும்பவும் கரகரன்னு கெடக்கு. போன மழைக்கு தான பேரிங்கு மாத்துனேன், காசும் குடுத்தேன். பிரேக்கை சவுட்டுனா வலது பக்கம் இழுக்குது, மொத சவுட்டுக்கு பெடல் அப்படியே உள்ள போவுது, ரெண்டாவது சவுட்டுக்கு தான் கிட்டுது."

இந்த ரெண்டு மூணு வரில பாதி விஷயம் இருக்கு. வலது பக்கம் இழுக்குதுன்னா இடது டிரம் சரியா புடிக்கல, சத்தமும் இடது பக்கம் தான், அப்ப இடது ஷூவுல கிரீஸோ ஆயிலோ பட்டிருக்க வாய்ப்பு அதிகம், அதாவது ஆயில் சீல் (கிரீஸ் வெளில வராம, தண்ணி உள்ள போகாம அடைக்குற ரப்பர் வளையம்) விட்டிருக்கு. மொத மிதிக்கு பெடல் ஆழமா போய் ரெண்டாவது மிதிக்கு மேல வருதுன்னா பிரேக் லைன்ல காத்து இருக்கலாம், ஷூ அட்ஜஸ்ட்மெண்ட் இல்லாமலும் இருக்கலாம், ஆனா பேரிங் ஆட்டத்துனால டிரம் ஆடி ஆடி ஷூவை உள்ள தள்ளி வச்சிட்டாலும் இதே மாதிரி தான் வரும். மூணையும் மனசுல வச்சுக்கிட்டு பாக்கணும். காத்து எடுக்குறேன்னு மொதல்லயே பிளீடர்ல கை வச்சா நேரம் போறது தான் மிச்சம்.

கழட்டுறதுக்கு முன்னாடி ஓட்டி பாத்தேன். இந்த மாதிரி வண்டில சேத்துல ஓடுற மட் டயர் போட்டிருப்பாங்க, அதுவே ஒரு இரைச்சல் போடும், பல பேரு டயர் சத்தத்தை பேரிங்னும் பேரிங் சத்தத்தை டயர்னும் நெனச்சுக்குறாங்க. தார் ரோட்ல இருந்து காங்கிரீட் ரோட்டுக்கு ஏறும்போது சத்தம் மாறுனா டயர். ரோடு மாறுனாலும் சத்தம் மாறாம, வேகத்தோட மட்டும் ஏறி எறங்குனா பேரிங்கை சந்தேகப்படலாம். நியூட்ரல்ல போட்டு உருள விட்டாலும் சத்தம் அப்படியே இருந்துச்சு, அப்ப இஞ்சின், கியர் பாக்ஸ் பக்கம் இல்ல. வலது பக்கம் வளைக்கும்போது வண்டி எடை இடது வீல் மேல சாயும், அப்ப சத்தம் கூடுச்சு. இடது பக்கம் வளைக்கும்போது கொறஞ்சுது. நம்ம மலை ரோட்ல வளைவுக்கு பஞ்சமே இல்ல, இதை ஒரு கிலோமீட்டர்ல கண்டுபுடிச்சிரலாம்.

அப்புறம் பின் வீலுக்கு முன்னாலயும் பின்னாலயும் கல்லு வச்சு, முன்னாடி ஜாக்கி ஏத்தி, ஆக்சிலுக்கு அடில ஸ்டாண்டு குடுத்தாச்சு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடில கையை விடவே கூடாது, மலைல வேலை பாக்குறவங்க கல்லையும் தடியையும் வச்சு ஒப்பேத்துறத பாத்திருக்கேன், தயவு செஞ்சு அப்படி செய்யாதீங்க. டயரோட மேல ஒரு கை கீழ ஒரு கை வச்சு உள்ளயும் வெளியயும் ஆட்டுனா நல்லாவே டக் டக்னு ஆட்டம் தெரிஞ்சுது. ஆட்டம் இருந்தா உடனே பேரிங்னு முடிவு பண்ண வேண்டாம், இந்த ஆக்சில்ல வீலு திரும்புறதுக்கு மேலயும் கீழயும் கிங் பின் பேரிங் இருக்கு, அது தேஞ்சாலும் இதே ஆட்டம் தான் வரும். பட்டறை பையன்கிட்ட, "தம்பி, பிரேக்கை மிதிச்சு புடி"ன்னு சொல்லிட்டு திரும்பவும் ஆட்டுனேன். பிரேக் புடிச்சா ஹப்பும் பேக் பிளேட்டும் (ஷூ மாட்டியிருக்குற, சுத்தாத தகடு) ஒண்ணா ஆயிரும், அப்ப ஹப் பேரிங் ஆட்டம் மறையும், கிங் பின் ஆட்டம் மட்டும் மிஞ்சும். ஆட்டம் முக்காவாசி மறைஞ்சிருச்சு, மிச்சம் லேசா, விரல்ல உணருற அளவு தான். அந்த மிச்சம் கிங் பின்னோடது, அது இந்த வயசு வண்டிக்கு ஆபத்தான அளவு இல்ல. நீளமான ஸ்க்ரூ டிரைவர் நுனியை நக்கிள்ல (ஸ்டியரிங்கோட திரும்புற ஆக்சில் நுனி) வச்சு பிடியை காதுல வச்சுட்டு வீலை சுத்த சொன்னா, உள்ள மணல் அரைபடுற மாதிரி சத்தம் நல்லா கேட்டுச்சு. ஃபிளேஞ்சு கழட்டாம சுத்துனா டிஃபரன்ஷியல் சத்தமும் சேந்து வரும், அதனால வலது வீல்லயும் அதே மாதிரி கேட்டு வித்தியாசம் பாத்துக்கணும்.

கழட்டும்போது ஒரு எச்சரிக்கை. இந்த வகை பழைய ஜீப்புல இடது பக்க வீல் போல்ட்டு இடது மறையா (சாதாரண போல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சுத்துனா தான் கழலும்) இருக்கும், போல்ட் தலைல அடையாளமும் குத்தியிருக்கும். தெரியாம சாதாரண நட்டு மாதிரி நெனச்சு பைப்பு போட்டு இழுத்து ஸ்டட்டை முறிச்சவங்க நெறைய பேரு. எல்லா வண்டிலயும் அப்படி இருக்காது, நடுவுல ஹப்பு மாத்துனதும் இருக்கும், அதனால மறையை கண்ணால பாத்துட்டு ஸ்பானர் போடுங்க.

வீலு எறங்குனதும் நடு மூடி, அதுக்குள்ள ஷாஃப்டு நுனில ஸ்நாப் ரிங், சுத்தி ஆறு போல்ட்டு, அப்புறம் ஃபிளேஞ்சு. ஃபிளேஞ்சுக்கு பின்னாடி சிம்மு (மெல்லிய தகடு) இருந்தா எத்தனை இருந்துச்சோ அப்படியே கட்டி வச்சிரணும். உள்ள ரெண்டு பெரிய நட்டு, நடுவுல மடக்குன லாக் வாஷர். இதுக்கு 2-1/16 இஞ்ச் ஹப் நட் சாக்கெட்டு வேணும், கடைல கிடைக்கலைன்னா பைப்புல அறுகோணம் அடிச்சு செஞ்சு தருவாங்க. இங்க தான் போன தடவை வேலை பாத்தது யாரா இருந்தாலும் அவங்க கைவேலை தெரிஞ்சுது. சாக்கெட்டு இல்லாம உளியும் சுத்தியலும் வச்சு நட்டை அடிச்சு டைட் பண்ணியிருக்காங்க, நட்டோட ஆறு முகத்துலயும் உளி வெட்டு, மொனை எல்லாம் உருண்டு போச்சு, பழைய லாக் வாஷரையே திரும்ப மடக்கி போட்டதுல அதோட காது ஒடைஞ்சு உள்ளயே கெடக்கு. உள்ள நட்டு கையாலயே கழண்டு வந்துச்சு. அந்த நட்டு தான் பேரிங்கோட ஆட்டத்தை தீர்மானிக்குற நட்டு.

டிரம்மை ஹப்போட சேத்து இழுத்தாச்சு. பேக் பிளேட்டு முழுக்க கரி மாதிரி பசை, ஷூ லைனிங் ஈரமா பளபளன்னு. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, அதை ஏர் அடிச்சு ஊதாதீங்க, ஈரத்துணி வச்சு தொடைச்சு எடுங்க, கிரீஸ் குடிச்ச ஷூவை தீயில காட்டி திரும்ப போடுற பழக்கமும் வேண்டாம், மாத்திருங்க. ஹப்புக்குள்ள இருந்த கிரீஸ் பால் காப்பி நிறத்துல கொழகொழன்னு கெடந்துச்சு, விரல்ல எடுத்து தேச்சா வழுவழுப்பே இல்ல, தண்ணி தான் தெரியுது. அதுல கியர் ஆயில் வாடையும் சேந்து வந்துச்சு. ரெண்டும் ரெண்டு வேற வழில உள்ள வந்தது, அதுக்கு அப்புறம் வாறேன்.

மண்ணெண்ணெய்ல கழுவி தொடைச்சு வெளிச்சத்துல வச்சு பாத்தப்ப தான் இந்த பேரிங் எப்படி செத்துச்சுன்னு புரிஞ்சுது. இது டேப்பர் ரோலர் பேரிங், அமெரிக்காவுல ஹென்றி டிம்கென் 1898ல காப்புரிமை வாங்குன அதே அமைப்பு. உருளைங்க சரிவா நிக்கும், எடையையும் தாங்கும், வளைவுல பக்கவாட்டுல வர்ற தள்ளலையும் தாங்கும். ஒவ்வொரு பேரிங்கும் ரெண்டு துண்டு, ரோலரோட இருக்குறது கோன், ஹப்புக்குள்ள அடிச்சு எறக்குறது கப்பு. இந்த வண்டில உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே நம்பர் தான், கோன் 18590, கப்பு 18520, உள் விட்டம் 41.275 மி.மீ., வெளி விட்டம் 73.025. பேரிங் மொகத்துல குத்தியிருக்கும், கடைக்கு போகும்போது நம்பரை எழுதிட்டு போறத விட பழைய பேரிங்கையே கொண்டு போறது நல்லது, ஏன்னா நடுவுல யாராவது ஆக்சிலை மாத்தியிருந்தா நம்பர் வேறயா இருக்கும்.

உள்பக்க கோனும் கப்பும் வேற வேற கம்பெனி. கோன் போன வருசம் போட்டது, எழுத்து இன்னும் தெளிவா இருக்கு. கப்பு பல வருசம் பழசு, எழுத்தே பாதி அழிஞ்சு கெடக்கு. அதாவது கப்பை எடுக்காம கோனை மட்டும் மாத்திட்டாங்க. கப்பை அடிச்சு எடுக்குறது கஷ்டமான வேலை, நேரம் எடுக்கும், பாத்தா பளபளன்னு நல்லா தானே இருக்குன்னு விட்டுருவாங்க. ஆனா பழைய கப்போட பரப்பு பழைய ரோலருக்கு ஏத்த மாதிரி தேஞ்சு போயிருக்கும், அதுல நேரான புது ரோலரை ஓட விட்டா முழு நீளத்துல ஒக்காராது, ஒரு ஓரத்துல மட்டும் எடை விழும், அந்த ஓரம் சீக்கிரம் உரிஞ்சு வரும். கோனும் கப்பும் ஒண்ணா தான் மாத்தணும், இதுல சமரசமே கிடையாது.

அடுத்த அடையாளம் இதை விட முக்கியம். அந்த கப்புக்குள்ள கருப்பா கோடு கோடா, ரோலருக்கும் ரோலருக்கும் எவ்வளவு இடைவெளியோ அதே இடைவெளியில. வண்டி ஓடும்போது வர்ற தேய்மானம் இப்படி இருக்காது, ஏன்னா ஹப்பு சுத்துற வண்டில கப்பும் சுத்தும், தேய்மானம் வட்டம் முழுக்க பரவும். கோடு கோடா விழணும்னா வண்டி நின்ன எடத்துலயே நின்னுருக்கணும், ரோலர் கப்பை தொடுற எடத்துல தண்ணி தங்கி துரு அரிச்சிருக்கணும். மாமாகிட்ட கேட்டேன், மழை விடாம பெஞ்சா ரப்பர் வெட்டு கிடையாது, ஓடையை தாண்டி வந்து நிறுத்துன வண்டி ஒரு வாரம் பத்து நாள் கூட செட்டுல சும்மா நிக்கும்னு சொன்னாரு. சரியா பொருந்துது. கோன்ல அதுக்கு நேர் எதிர், அது ஸ்பிண்டில் (ஹப்புக்கு நடுவுல சுத்தாம நிக்குற குழாய்) மேல சுத்தாம நிக்குற துண்டு, வண்டி எடை முழுக்க அதோட கீழ்ப்பாதில விழும், அதனால கீழ்ப்பக்கம் மட்டும் சோளப்பொரி அளவுக்கு சில்லு சில்லா பேந்து போயிருந்துச்சு, மேல்பக்கம் இன்னும் புதுசு. கழட்டும்போது கோன்ல எது கீழ இருந்துச்சுன்னு சாக்பீஸ்ல ஒரு குறி போட்டு எடுத்தா இதை தெளிவா படிக்கலாம். வெளிப்பக்க கோன்ல துரு இல்ல, ஆனா வைக்கோல் நிறத்துல இருந்து நீலத்துக்கு போக ஆரம்பிச்சிருந்துச்சு. இரும்பு நீலம் ஏறுறதுக்கு கிட்டத்தட்ட 300 டிகிரி சூடு வேணும், அந்த சூட்டுல சாதா லித்தியம் கிரீஸ் எப்பவோ உருகி ஓடிரும். அது நட்டு லூசா இருந்து, கிரீஸ் கரைஞ்சு போய், ரோலர் உரசி சறுக்குனதுல வந்த சூடு.

இப்ப தண்ணி எப்படி உள்ள வந்துச்சுன்னு பாப்போம், எனக்கு இந்த வேலைல ரொம்ப முக்கியம்னு படுறது இந்த பகுதி தான். மலை எறங்கி வரும்போது பிரேக் புடிச்சு புடிச்சு டிரம்மும் ஹப்பும் கொதிச்சு போய் இருக்கும். அந்த சூட்டோட ஓடைல எறக்குனா ஹப்பு சட்டுனு குளுந்துரும், உள்ள இருக்குற சூடான காத்து சுருங்கும், சுருங்குன எடத்தை நெரப்ப வெளில இருந்து எதையாவது உறிஞ்சும். சீல் நல்லா இருந்தா அதை தாங்கிக்கும். சீல் விட்டிருந்தா சுத்தி இருக்குற தண்ணியை தான் உறிஞ்சும். ஓடைக்கு முன்னாடி வண்டியை நிறுத்தி ஹப்பு சூடு தணிய விட்டுட்டு எறங்குனா இந்த உறிஞ்சல் பெரும்பாலும் நடக்காது. ஒரு பீடி குடிக்குற நேரம் போதும்னு மாமாகிட்ட சொல்லியிருக்கேன்.

சரி, சீல் போன வருசம் தானே புதுசா போட்டது, அது ஏன் விட்டுச்சு? சீலை எடுத்து பாத்தா ரப்பர் உதடு இன்னும் மெதுவா நல்லா தான் இருக்கு, ஸ்பிரிங்கும் இருக்கு, திருப்பி போடவும் இல்ல. குத்தம் சீல்ல இல்ல, சீல் உரசுற ஸ்பிண்டில்ல. உதடு ஓடுற எடத்துல இத்தனை வருசமா மண்ணும் தண்ணியும் சேந்து உரசி, நகத்தை வச்சா மாட்டுற அளவுக்கு ஒரு வாய்க்கால் விழுந்து கெடக்கு, அதுல துரு புள்ளியும் இருக்கு. புது சீல் போட்டாலும் உதடு அந்த பள்ளத்துல தொட்டும் தொடாமலும் நிக்கும். பேரிங் வேலை பாக்கும்போது ஸ்பிண்டிலை தொடைச்சு நகத்தால ஒரு தடவை தடவி பாக்க அரை நிமிசம் ஆகாது. போன தடவை யாராவது தடவி பாத்திருந்தா இந்த வண்டி திரும்ப வந்திருக்காது.

கியர் ஆயில் வந்த வழி வேற. ஆக்சில் ஹவுசிங் மேல பிரீத்தர்னு சின்னதா ஒண்ணு இருக்கும், ஆக்சில் சூடாகும்போது உள்ள காத்து விரிஞ்சு வெளில போறதுக்கும், ஆறும்போது உள்ள வாறதுக்கும். இந்த வண்டில அதை தேடித்தான் கண்டுபுடிக்க வேண்டியிருந்துச்சு, மேல செம்மண்ணு படிஞ்சு, உள்ள குளவி மண்ணு வச்சு அடைச்சு கல்லு மாதிரி ஆகிருச்சு. ஊசி கூட போகல. வழி அடைஞ்சா உள்ள இருக்குற அழுத்தம் ஆயிலை சீலு வழியா தள்ளும், டிஃபரன்ஷியல் ஆயில் ஆக்சில் டியூப் ஓரத்து சீலை தாண்டி நக்கிள் உருண்டைக்குள்ள வந்து, அங்க இருந்து ஸ்பிண்டிலுக்கு நடுவுல ஷாஃப்டு போற ஓட்டை வழியா ஹப்புக்குள்ள வந்துருக்கு. வந்த ஆயில் பேரிங் கிரீஸை கரைச்சு, தேஞ்ச சீல் வழியா பிரேக் ஷூவுக்கு போயிருக்கு. டிஃபரன்ஷியல்ல ஆயில் லெவல் பாத்தேன், கொறைஞ்சு தான் இருந்துச்சு. கணக்கு சரியா வந்துச்சு.

வேலைக்கு வருவோம். பேக் பிளேட்டை பிரேக் ஹோஸ் இழுபடாம கம்பி வச்சு ஸ்பிரிங்ல தொங்க விட்டுட்டு ஸ்பிண்டிலை கழட்டி எடுத்தாச்சு. பேரிங் ஒக்காருற எடத்தை மைக்ரோமீட்டர்ல அளந்தேன், கோன் சுத்தி லேசா கோடு விழுந்திருந்தாலும் அளவு கெட்டு போகல, எண்ணெய் கல்லு வச்சு பிசிறை மட்டும் எடுத்தேன். கோன் ஸ்பிண்டில் மேல கையால தள்ளுனா ஏறணும், ஆனா ஆடக்கூடாது, அது தான் அளவு. சீல் ஓடுற எடத்துக்கு ரெண்டு வழி. ஒண்ணு, புது சீலை ரெண்டு மில்லி தள்ளி ஒக்கார வச்சு உதடு பள்ளத்துல படாம பண்றது, அவசரத்துக்கு சரி, ஆனா இங்க துரு புள்ளி பக்கத்துலயும் பரவியிருந்துச்சு. இன்னொண்ணு ஸ்லீவ். மார்த்தாண்டத்துல லேத்துல குடுத்து அந்த எடத்தை லேசா கடைஞ்சு எறக்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் ஏத்தி, பழைய அளவுக்கே திரும்ப கொண்டு வந்தோம். லேத்துக்காரங்ககிட்ட ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், கடைசி பாலிஷ்ல டூல் ஓடுன திருகு கோடு மிஞ்சக்கூடாது. அந்த கோடு மறை மாதிரி வேலை செஞ்சு, வீல் சுத்த சுத்த கிரீஸை வெளிலயோ தண்ணியை உள்ளயோ தள்ளிட்டே இருக்கும். எமரியை நகத்தாம ஒரே எடத்துல புடிச்சு சுத்த விட்டு முடிக்கணும்.

ஸ்பிண்டில் வர்ற வரைக்கும் ஹப்பை பாத்தோம். கப்புக்கு பின்னாடி ஹப்புல வெட்டு விட்டிருப்பாங்க, அதுல பித்தளை ராடை வச்சு மாத்தி மாத்தி எதிர் எதிர் பக்கம் அடிச்சா கோணாம வெளில வரும். இரும்பு உளி வச்சு அடிச்சா ஹப்புல கீறல் விழும், அந்த கீறல் மேட்டுல புது கப்பு சரிஞ்சு ஒக்காரும். ஒக்காருற மேடையை சுத்தமா தொடைச்சு, ஒரு துளி மணல் கூட இல்லாம பாத்துட்டு, பழைய கப்பையே தலைகீழா வச்சு புது கப்பை அடிச்சு எறக்குனோம், பழைய கப்போட வெளி வட்டத்தை எமரில லேசா தேச்சு விட்டா உள்ள மாட்டிக்காது. அடிக்கும்போது சத்தத்தை கவனிங்க. எறங்கிட்டு இருக்குற வரைக்கும் மந்தமா டொப் டொப்னு கேக்கும், மேடைல போய் முட்டுன அந்த அடில சத்தம் டணார்னு மாறும். நாலு பக்கமும் அதே சத்தம் வரணும். ஒரு பக்கம் முட்டாம விட்டா ஓடுன பிறகு தானா எறங்கும், நட்டு அட்ஜஸ்ட்மெண்ட் மொத்தமும் லூசாகும்.

கிரீஸ் விஷயத்துல நம்மாளுங்க தாராளம். ஹப்பு நெறைய திணிச்சா நல்லதுன்னு நெனப்பு. சூடேறும்போது கிரீஸ் விரியும், போக எடம் இல்லைன்னா சீலை தள்ளிட்டு ஷூவுக்கு வரும். கிரீஸ் முழுசா இருக்க வேண்டியது பேரிங்குக்குள்ள. உள்ளங்கைல ஒரு உருண்டை ஏ.பி.3 கிரீஸை வச்சுட்டு, கோனோட அகல வாயை அதுல குத்தி குத்தி இழுத்தா, ரோலர் இடுக்கு வழியா மேல் பக்கம் கிரீஸ் புழு மாதிரி வெளில வரும். சுத்தி ஒவ்வொரு ரோலருக்கும் அப்படி வந்தா தான் நெறஞ்சிருக்குன்னு அர்த்தம். ஹப்பு குழிக்கு மூணுல ஒரு பங்கு போதும், கப்பு மேலயும் சீல் உதட்டு மேலயும் ஒரு பூச்சு. பழைய கிரீஸை கொஞ்சம் கூட மிச்சம் வைக்காம கழுவி காய வச்சுட்டு தான் புதுசு போடணும், ரெண்டு வகை கிரீஸ் கலந்தா சில நேரம் ரெண்டும் தண்ணியா எளகிரும். ரெண்டு உதடு உள்ள சீல் கிடைச்சா அதை வாங்குங்க, ஸ்பிரிங் உள்ள பக்கம் பேரிங்கை பாக்கணும்.

இனி நட்டு. இந்த வேலைல அனுபவம் கேக்குற எடம் இது ஒண்ணு தான். உள் நட்டை டைட் பண்ணும்போது ஹப்பை ரெண்டு பக்கமும் சுத்திட்டே டைட் பண்ணணும், இல்லைன்னா ரோலர் சரிஞ்சு நின்னு பொய்யான டைட்டு காட்டும். ஹப்பு கைக்கு எறுக்கமா சுத்துற வரைக்கும் கொண்டு போய், அப்புறம் ஆறுல ஒரு பங்கு சுத்து லூஸ் பண்ணணும். நட்டுக்கு ஆறு முகம், அதனால ஒரு முகம் நகந்தா ஆறுல ஒரு பங்கு, சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுட்டா கண்ணாலயே பாத்துக்கலாம். பழைய வில்லிஸ் கையேட்டுலயும் இதே முறை தான். புது லாக் வாஷர், வெளி நட்டு டைட், அதுக்கு பிறகு திரும்பவும் ஆட்டம் பாக்கணும், ஏன்னா வெளி நட்டை டைட் பண்ணும்போது மறைல இருக்குற இடைவெளி போய் உள் நட்டு கொஞ்சம் நெருங்கும். டயல் கேஜ் வச்சு பாத்தேன், முன்பின் ஆட்டம் 0.05 மி.மீ. கிட்ட வந்துச்சு, 0.025ல இருந்து 0.125 வரைக்கும் இருந்தா நல்லது. கேஜ் இல்லாதவங்க வீலை மாட்டி மேல கீழ ஆட்டி பாருங்க, உணர்ந்தும் உணராத அளவு ஆட்டம் இருக்கணும், வீல் தடையில்லாம சுத்தணும். சுத்தமா ஆட்டமே இல்லாம டைட்டா வச்சா ரொம்ப உறுதியா தெரியும், ஆனா சூட்டுல இரும்பு விரிஞ்சதும் பேரிங் நெருக்கி, லூசா விட்டதை விட சீக்கிரம் எரிஞ்சு போகும். சந்தேகம் வந்தா டைட் பக்கம் போகாம லூஸ் பக்கம் ஒரு மயிரிழை நிக்குறது மேல். லாக் வாஷரோட காதை நட்டு முகத்துல நல்லா படியுற மாதிரி மடக்கியாச்சு, ஃபிளேஞ்சுக்கு புது கேஸ்கெட்டு, எடுத்த சிம்மு எடுத்த படியே.

ஆக்சில் டியூப் ஓரத்து சீலையும் அப்பவே மாத்திட்டோம், ஷாஃப்டு வெளில இருக்கும்போது அது சுளுவான வேலை. பிரீத்தரை கழட்டி சுத்தம் பண்ணி, அதுல ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி இஞ்சின் ரூம்புக்குள்ள ஒசரத்துல கட்டி விட்டாச்சு, வாய் கீழ பாக்குற மாதிரி வளைச்சு. இனி குளவியும் ஏறாது, ஓடைத்தண்ணியும் எட்டாது. இதுக்கு ஆன செலவு ஹோஸும் ரெண்டு கிளிப்பும் தான், மொத்த வேலைல இதுக்கு தான் மதிப்பு ஜாஸ்தின்னு எனக்கு தோணுது.

ரெண்டு முன் பிரேக்குக்கும் ஷூ புதுசு, ஒரு பக்கம் மட்டும் மாத்துனா திரும்பவும் இழுக்கும். வண்டியை குலசேகரத்துல இருந்து திற்பரப்பு வரைக்கும் ஓட்டிட்டு வந்து ரெண்டு ஹப்பையும் தொட்டு பாத்தேன், ரெண்டும் ஒரே அளவு இளஞ்சூடு, கை வச்சு தாங்குற சூடு. சத்தம் போச்சு, பெடல் மொத மிதிக்கே மேல நிக்குது. ஒரு வாரம் பால் கேன் ஏத்தி ஓடுன பிறகு மாமாவை திரும்ப வர சொன்னேன், புது கப்பு அமுங்கி ஒக்காந்தா ஆட்டம் கொஞ்சம் கூடும், அப்படியே கூடியிருந்துச்சு, நட்டை ஒரு முகத்துல கால் பங்கு மட்டும் ஏத்தி வாஷரை புதுசா மடக்குனேன்.

எடவப்பாதி முடிஞ்சு நடு மூடியையும் ஃபிளேஞ்சையும் மட்டும் கழட்டி பாத்தோம், கிரீஸ் போட்ட நெறத்துலயே இருந்துச்சு, தண்ணி இல்ல, ஆயில் வாடை இல்ல. ஓடைல எறங்குற வண்டிக்கு ஒவ்வொரு மழை சீசன் முடிஞ்சதும் இந்த அளவு பாத்துக்கணும், ஹப்பு முழுசா முங்குன நாள் அடிக்கடி இருந்தா டிரம்மை இழுத்து பேரிங்கையே கழுவி கிரீஸ் மாத்துறது உத்தமம். வலது பக்கம் அப்பவே தொறந்து பாத்ததுல பேரிங் நல்லா இருந்துச்சு, கிரீஸும் சீலும் மட்டும் மாத்துனோம், ஆனா அங்கயும் ஸ்பிண்டில்ல நகம் மாட்ட ஆரம்பிச்சிருக்கு. "துலா மழை வாறதுக்கு மின்ன அதையும் லேத்துக்கு குடுத்துருவோம் மக்களே, ஒட்டுப்பால் வித்த காசு வரட்டும்"னு மாமா சொல்லியிருக்காரு, ஸ்லீவுக்கு அளவு எடுத்து வச்சாச்சு.